இடது காலுக்கு ஒரு ஆள்

அக்குவேலே தன்னைப் பாதி வேலையில் விட்டுவிட்டு பட்டணத்து ஓசுவுக்குப் போனதை சோவா மன்னிக்கவே இல்லை. வருஷங்கள் ஓடி, தலை நரைத்து, தொப்பை விழுந்த பிறகும் மன்னிக்கவில்லை. போனவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

மீனவன் பெண்டாட்டி ஒருத்தி அழுதுகொண்டே கடற்கரைக்கு ஓடி வருகிற காட்சி அது. ஸ்டுடியோவில் அக்குவேலே நடக்க, சோவா பதிவு செய்து, படத்துக்குக் காலடிச் சத்தம் பாதி போட்டாகிவிட்டது, மீதி நாளைக்கு என்று வைத்திருந்தார்கள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவளோடு ஒரே வயிற்றில் பிறந்த இரட்டை அக்குவோக்கோரிடம் போய்க் கேட்டால், "ஓசுல ஆங்க்ரா ஸ்டுடியோவுக்குப் போயிட்டா. அங்க ஏசி இருக்காம்ல" என்றாள், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

ஏசி!

படத்தைக் கொடுத்தாக வேண்டும். சோவா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டுடியோவில் மணல் கொட்டிய தட்டில் தானே ஓடினான். படம் வந்தது. கதாநாயகி கண்ணீரும் கம்பலையுமாக ஓடி வர, கொட்டகை மொத்தமும் சிரித்தது. "வழி விடுங்கப்பா, கழுதை வருது!" என்று பின் வரிசையில் எவனோ கத்தினான். அன்றோடு டெஷியில், அந்தக் கடலோர ஊரில், சோவா என்ற பேர் போய்விட்டது. கென்க்கிச் சோள உருண்டை வாங்கப் போனால்கூட, "கழுதைக்காலுக்கு ரெண்டு உருண்டை, மிளகுச் சாந்து தாராளமா வை" என்பாள் கடைக்காரி.

அந்த வருஷ ஊர்ப் பண்டிகை முடிந்து வெகுநாள் கழித்து அக்குவேலே திரும்பி வந்தாள். எதுவும் நடக்காத மாதிரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன படம்?" என்றாள். அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கோபத்தையெல்லாம் அவன் ஆங்க்ரா மேல் இறக்கிவைத்தான். ஒரு சாவு வீட்டில் ஆங்க்ரா கையைப் பிடித்துக்கொண்டு, "சாலே, கூட்டாளி, சத்தியமா உன் பொம்பள என் வாசப்படியக்கூட மிதிக்கல" என்றபோது, திருடன்தான் இப்படி வலியச் சத்தியம் பண்ணுவான் என்று நினைத்துக் கையை உதறினான். அதன் பிறகு ஓசு வழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

இவ்வளவு கோபம் இருந்தும் அவளை ஏன் வைத்துக்கொண்டான் என்று கேட்டால், அவளைப் போல நடக்க வேறு ஆள் கிடையாது.

முதலில் அவள் மீன்காரி. சுட்ட மீன் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் அவன் ஸ்டுடியோவுக்குள், மைக் திறந்திருப்பது தெரியாமல் நடந்து வந்துவிட்டாள். அவன் எகிறிக் குதித்தான். ஆனால் பதிவைத் திருப்பிப் போட்டபோது, திரையில் சும்மா உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து நடந்து வருவது போலவே இருந்தது. மீனை வாங்கிக்கொண்டான், அவளையும் இருத்திக்கொண்டான். அன்று முதல் டெஷியில் சத்தம் போட்ட படங்களில் நடந்ததெல்லாம் அக்குவேலேதான். ராணி, வேலைக்காரி, பேய், வக்கீல், கர்ப்பிணி எல்லாருக்கும் அவள் கால். நடிகையின் காலை அவள் பார்க்கவே மாட்டாள், தோளைத்தான் பார்ப்பாள். "காலு பொய் சொல்லும், பாதி நேரம் படத்துல காலே இருக்காது. தோளு இறங்கினா அடி விழுந்தே ஆகணும்" என்பாள். வீட்டிலிருந்து ஒரு கூடை கொண்டு வருவாள். காய்ந்த இலைக் குப்பையில் நடக்க வேண்டுமா, கென்க்கி சுற்றிய சோளத்தோல். கன்னத்தில் அறை விழ வேண்டுமா, கென்க்கி உருண்டையிலேயே ஓங்கி ஒரு அறை. புருஷன் பெண்டாட்டியை அடிக்கிற காட்சி என்றால் அந்த உருண்டையை வேலை முடிந்ததும் சோவாவிடம் நீட்டி, "தின்னு. நல்லா அடி வாங்கியிருக்கு, பதமா இருக்கும்" என்பாள்.

டெஷியில் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு மாசம்தான் மாசம். சோவாவின் ஸ்டுடியோ என்பது அவன் அப்பன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை, பழைய மெத்தை. மதிலுக்கு அந்தப் பக்கம் பாதிரி ஒசோஃபோ க்வான்சாவின் ஜெபசபை. எதிரே சாராயக் கடை. அல்லேலூயா செங்கல் வழியாகவே உள்ளே வரும்போது மெத்தை என்ன செய்யும்? ஆனால் பூசாரிகள் பண்டிகைக்குச் சோளம் விதைத்து, கொட்டுக்கும் கூச்சலுக்கும் தடை போட்டுவிட்டார்கள் என்றால் ஊர் வாயைப் பொத்திக்கொள்ளும். கொட்டு இல்லை, கைதட்டல் இல்லை, ஒப்பாரி இல்லை. பிணம்கூட ஐஸ் பெட்டியில் பொறுமையாகக் காத்திருக்கும். அப்போதுதான் துணி கசங்குவது கேட்கும், வெறுங்கால் ஈர மணலில் புதைவது கேட்கும். எல்லாரும் பண்டிகைக்குக் காத்திருப்பார்கள், சோவா தடைக்குக் காத்திருப்பான். எந்தப் படக்காரன் எப்போது வந்தாலும் ஒரே பதில்தான். "தடை விழட்டும், வா."

அதே மாதிரி, தடை நீங்குகிற நாளில் ஊர்த் தலைவர் வீட்டு முரசு அதிர்ந்தது என்றால் அவன் கடையைச் சாத்த வேண்டியதுதான். அடக்கிவைத்த ஒரு மாச இரைச்சலை ஊர் ஒரே மூச்சில் கக்கும்.

அந்த வருஷம் முரசு விழுகிற நாள் காலையிலும் ஒரு காட்சி பாக்கி இருந்தது. செனாம் எடுத்த படம். வோல்டா ஆற்றுப் பக்கத்துப் பையன், தொப்பியைக் கழற்றவே மாட்டான். படம் மறுநாள் காலை விமானத்தில் போயாக வேண்டும். காட்சி இதுதான். மகன் போன படகு திரும்பி வந்துவிட்டது, மகன் வரவில்லை. தாய் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடக்கிறாள். ஓடவில்லை, நடக்கிறாள். சிமெண்டுத் தரை, சரளைப் பாதை, ஈர மணல். தண்ணீர் ஓரத்தில் முட்டி மடங்கி விழுகிறாள். "பேச்சு இல்ல, பாட்டு இல்ல, பாஸ். அவ வெறுங்கால் மட்டும்தான்" என்றான் செனாம். "முரசுக்குள்ள முடியலன்னா சொல்லிடுங்க. சத்த லைப்ரரில இருந்து காலடி வாங்கி ஒட்டிடுவேன்."

"எந்த லைப்ரரி?"

"வெளிநாட்டுல விக்கறாங்க."

"வெள்ளைக்காரி குளிச்சிட்டுப் பாத்ரூம்ல நடக்கிற சத்தத்த டெஷிக் கடக்கரையில ஒட்டுவ? போடா அந்தப் பக்கம்" என்றான் சோவா.

அக்குவேலே வழக்கம்போல மணல் தட்டுக்கும் சோவாவின் மேசைக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு துணியைத் தொங்கவிட்டாள். ஓசுவிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் வெறுங்கால் காட்சி என்றால் இந்தத் திரை உண்டு. ஏன் என்று கேட்டால், "ஆம்பள கண்ணு பட்டா காலு கூசுது" என்பாள். ஏசியில் கற்றுக்கொண்டு வந்த கொழுப்பு என்று அவன் விட்டுவிட்டான்.

"முதல்ல விழுந்துடறேன்" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "அப்பறம் நடக்கறேன்."

"எவளாவது விழுந்துட்டு நடப்பாளா?"

"முட்டி நல்லா இருக்கையிலயே விழுந்துக்கணும் சோவா. எனக்கும் வயசாச்சு. போடு மைக்க."

விழுந்தாள். ஹெட்போனுக்குள் மணல் ஒரு முறை முனகியது. செனாமின் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. ஒரே டேக்.

சிமெண்டும் சரியாக வந்தது. சரளையில்தான் சோவாவின் புருவம் நெரிந்தது. நிறுத்தினான், திரும்பப் போட்டான், மறுபடி நிறுத்தினான்.

"உன் இடது காலு பொய் சொல்லுது."

"என் இடது காலு உங்கிட்ட எப்ப வந்து பேசுச்சு?"

"விளையாடாத. வலது கால் தரையைத் தேடிப் பிடிச்சு வைக்குது. இடது கால் சும்மா விழுது. மூட்டையில இருந்து மரவள்ளிக் கிழங்கு விழற மாதிரி."

 "மறுபடி போடு" என்றாள். மறுபடி நடந்தாள். கிழங்குதான் விழுந்தது. மறுபடி. இந்த முறை இடது காலை மெதுவாக வைத்து ஏமாற்றப் பார்த்தாள். அது இன்னும் மோசமாக, பூனை திருடப் போகிற மாதிரி இருந்தது. வெளியே தென்னை நிழல் மதிலைத் தொட்டுவிட்டது. தலைவர் வீட்டுப் பக்கம் ஜனங்கள் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு கும்பல் கும்பலாகப் போவது சன்னல் வழியே தெரிந்தது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டுதான் போனார்கள், ஆனால் அந்தக் கால்களே சத்தமாக இருந்தன.

ஐந்தாவதோ ஆறாவதோ முறை நடை கூடிவருகிற மாதிரி இருந்தது. சோவா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"செக்... செக்... ஜீசஸ், செக்..."

மதிலுக்கு அந்தப் பக்கம். சபைக்காரர்கள் முரசு விழுந்த நொடியே முதல் ஆளாக அல்லேலூயா போட ஒலிபெருக்கிகளை மதில் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். பொறுக்க முடியாத எவனோ ஒருத்தன் திருகைத் திருகிவிட்டான்.

"ஓடுடா!" என்றான் சோவா. செனாம் ஓடினான். அதற்குள் கழுத்தில் அட்டை தொங்க, கையில் பிரம்போடு தடைக் காவல் பையன்கள் வந்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கு என்றான் ஒருத்தன். தேவனுடைய பெட்டி, தொடாதே என்றார் ஒசோஃபோ. விதை முளைக்கும் மண்ணில் நின்று சத்தம் போடுகிறாயா என்று காவல்காரன் தொண்டை கிழியக் கத்தினான். ஊரில் அந்த நேரத்துக்கு இருந்த ஒரே சத்தம், சத்தம் போடாதே என்கிற அந்தச் சத்தம்தான். சோவா ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். பெட்டி போய், கும்பல் கலைந்து, செனாம் தொப்பி கோணலாகத் திரும்பி வந்தபோது தென்னை நிழல் மதிலில் பாதி ஏறியிருந்தது.

"சரளைய விடு" என்றான் சோவா. "நல்ல வலது அடியா எடுத்து வெட்டி ஒட்டிக்கறேன். மணலுக்குப் போ. மணல்ல ஒட்டு வேலை ஆகாது. ஒவ்வொரு அடியும் வேற மாதிரி புதையும்."

ஈர மணலில் அவள் இறங்கினாள். நாலு அடி. ஐந்து. ஏதோ சரியில்லை. மணல் அதிகமாகப் பிடித்துக்கொண்டது, விடமாட்டேன் என்றது. தண்ணீர் போதவில்லை போல என்று வாளியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். "வராத!" என்று அவள் கத்துவதற்குள் திரையை விலக்கிவிட்டான்.

தட்டில் இடது பக்கம் முழுக்க மணல் சிவந்து கிடந்தது. அவள் இடது பாதத்தின் அடியில், பெருவிரல் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, ஒரு புண் வாயைத் திறந்திருந்தது. பெருவிரல் இல்லை. இன்றைக்கு நேற்றுப் போனதாகவும் தெரியவில்லை. பழைய தழும்பு, வழுவழு என்று மூடிப் போயிருந்தது.

சோவாவின் கையிலிருந்து வாளி இறங்கியது.

அவள் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே ரத்தம் தெரிந்தது. "அட" என்றாள். "வலிக்கவே இல்ல. அதான் கேடு. சர்க்கரை வந்தவளுக்குக் காலு கால்மாட்டுல இருந்தும் இல்லாத மாதிரி. தரை வந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியல, உனக்கு எங்க சரியாக் கேக்கும்?"

"இந்த விரலு?"

"நீ கழுதை ஆன வருசம்."

 ஓசு, ஏசி, ஆங்க்ராவின் சத்தியம், சாவு வீட்டில் உதறிய கை எல்லாம் சோவாவின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"ஆஸ்பத்திரியிலயா இருந்த? ஏன்டி சொல்லல?"

"காலை வச்சுப் பொழைக்கிறவ. ஒரு விரல் போச்சுன்னு சொன்னா நீ கூப்பிட்டிருப்பியா?"

"கூப்பிட்டிருப்பேன்."

"மாட்ட. டேக்குக்கு டேக்கு ஒன்பது விரல் கேக்குது, ஒன்பது விரல் கேக்குதுன்னு கழுத்த அறுத்திருப்ப. அதான் அக்குவோக்கோரை ஓசுன்னு சொல்லச் சொன்னேன். உன் பெரிய காது இத்தன வருசமா ஒன்பதத்தான் கேட்டுச்சு. ஒரு நாள் கண்டுபிடிச்சியா?"

அவன் வாளியைத் தள்ளிவைத்துவிட்டு அவள் காலடியில் குந்தினான்.

"நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரி" என்றாள். கையைக் கெண்டைக்காலுக்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள். "இந்தத் தடவ விரலோட விடமாட்டாங்களாம்."

செனாம் தொப்பியைக் கழற்றிவிட்டான். "ஆன்ட்டி, போதும். உக்காருங்க. நான் லைப்ரரியிலயே வாங்கிக்கறேன். சத்தியமா ஒண்ணும் ஆகாது."

"வாய மூடு. எங்கிட்ட இன்னும் ஒரு நடை பாக்கி இருக்கு. அத எவளோ முகம் தெரியாதவ நடந்து குடுக்கறதா?" அவள் சோவாவைப் பார்த்தாள். "துணி எடு. கட்டு. மணலை மாத்து. சீக்கிரம்."

சோவா கட்டினான். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. சிவந்த மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணலும் தண்ணீரும் போட்டான். அவள் முக்காலியைத் தட்டின் ஓரத்துக்கு இழுத்து, இடது முட்டியை அதன் மேல் ஊன்றி, வலது காலை மட்டும் மணலில் இறக்கினாள்.

"வா" என்றாள்.

"எங்க?"

"இடது காலுக்கு ஆள் வேணும்ல."

"நானா? ஏய், ஊரே சிரிச்சுதடி."

"அன்னிக்கு நீ ஒத்தையா நடந்த. வா, நேரம் போகுது. செனாம், நீ போய் அந்த ஹெட்போனை மாட்டு. செவப்பு வெளக்கு எரிஞ்சா கை காட்டு. வேற எதையும் தொடாத."

சோவா செருப்பைக் கழற்றினான். அவளுக்கு இடப் பக்கம் ஒட்டி நின்று இடது காலைத் தட்டில் வைத்தான். அவள் கை அவன் கழுத்தைச் சுற்றி வந்து பிடரியைப் பிடித்துக்கொண்டது. அவன் கை அவள் இடுப்பில். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர்கள் இவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை. அவள்மேல் சுட்ட மீன் வாசனை இன்னும் இருந்தது.

"படத்தைப் பாக்காத, உனக்குத் தெரியாது. என் விரல் அழுத்தறப்ப நீ வை."

செனாம் கை காட்டினான். படத்தில் தாய் நடக்க ஆரம்பித்தாள். அக்குவேலேயின் வலது கால் இறங்கியது. பிடரியில் விரல் அழுந்தியது. சோவா வைத்தான்.

"நிறுத்து" என்றாள். "மணலை ஏன் மிதிக்கிற? மணலு உன்ன என்ன பண்ணுச்சு?"

மறுபடி. இந்த முறை அவன் குதிகால் முன்னால் போய் இறங்கியது. "கழுதை" என்றாள் அவள், வெறும் மூச்சுக்காற்றில். மறுபடி. இந்த முறை நடை சேர்ந்து வந்தது, தாய் பாதி தூரம் போய்விட்டாள், அப்போது தெருவில் எவனோ இருமினான். செனாம் தலையில் அடித்துக்கொண்டான். நிழல் மதிலைத் தாண்டிவிட்டது. தூரத்தில் கும்பல் ஒரேயடியாக அமைதியானது. முரசுக்காரன் தடியைத் தூக்குவதற்கு முன்னால் ஊர் இப்படித்தான் அமைதியாகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"இன்னும் ஒரு தடவைதான் வரும்" என்றான் சோவா.

"அப்ப அந்த ஒரு தடவையில நட."

விளக்கு எரிந்தது. அவள் வைத்தாள், அவன் வைத்தான். அவள் வைத்தாள், அவன் வைத்தான். அவள் விரல்கள் இப்போது அழுத்தக்கூட இல்லை, பிடரியில் சும்மா கிடந்தன. அவள் எடை முழுக்க அவன் தோளில் இறங்கிவிட்டது. அதைத் தாங்கிக்கொண்டு கால் வைக்கும்போது கால் அவசரப்படவில்லை. போய்ச் சேர விருப்பமில்லாத காலாக அது போனது. தண்ணீர் ஓரம். வலது. இடது. கடைசி அடி அவனுடையது. மணல் உள்வாங்கி மெதுவாக ஊறியது.

"அசையாத" என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

சத்தத்தின் வால் அடங்கும்வரை நிற்க வேண்டும். நின்றார்கள்.  அவள் மூச்சு அவன் காதில் பட்டது.

முரசு இடித்தது.

தட்டில் மணல் துள்ளியது. அடுத்த நொடி மதில் மேலிருந்து அல்லேலூயா, எதிர்க் கடையிலிருந்து பாட்டு, தலைவர் வீட்டுப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி, தகரம், ஊளை, விசில். ஊர் உடைந்து கொட்டியது. செனாம் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். நிமிரவில்லை.

"வந்துச்சா?" என்று சோவா கத்தினான். "வால் வந்துச்சாடா?"

செனாமுக்குக் கேட்கவில்லை. சோவா நொண்டிக்கொண்டே போய் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துத் திருப்பிப் போட்டான். கடைசி அடி. மணல் ஊறியது. ஒரு மூச்சு. பிறகு, மயிரிழை தள்ளி, முரசு.

"வந்துடுச்சு" என்றான். அக்குவேலே அதற்குள் தரையில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிகிறவரை அவன் எடிட்டிங்கில் உட்கார்ந்தான். ஊர் ஆடிக்கொண்டிருந்தது, அவன் காதை மூடிக்கொண்டு வெட்டினான். தன் அடிகள் கொஞ்சம் பிந்தி விழுந்திருந்தன. ஒவ்வொன்றாக நகர்த்தித் தோள் இறங்குகிற இடத்தில் வைத்தான். சிலவற்றின் முனையைச் சீவினான். சரளையில் அவளுடைய நல்ல வலது அடிகளை எடுத்து, கொஞ்சம் கனத்தைக் குறைத்து, இடது காலுக்குக் கொடுத்தான். காலையில் முதலிலேயே விழுந்து வைத்த விழுதலைக் கடைசியில் கொண்டு வந்து சேர்த்தான். நடைக்கும் விழுதலுக்கும் நடுவே அந்த மூச்சு இருந்தது. அவளுடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை. வெட்டப் போனவன் வெட்டாமல் விட்டான். விடிந்ததும் செனாம் அதை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போன டாக்சியை அவன் ஓசுவில் நிறுத்தச் சொன்னான். ஆங்க்ரா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"நீ திருடன் இல்ல" என்றான் சோவா.

"தெரியும் சாலே" என்றான் ஆங்க்ரா, நுரையோடு. "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து." அவ்வளவுதான். கையை மட்டும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பின் சீட்டில் அக்குவேலே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பதிவைக் கருவியோடு தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனான். போர்வை இடது பக்கம் முட்டிக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் ரொம்பப் பாடுபட்டான். ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். போர்வைக்குள் வலது கால் ஒவ்வோர் அடிக்கும் அசைந்தது.

"இந்த இடது காலு எவளோடது?" என்றாள்.

"என்னோடதுதான்."

"பொய் சொல்லாத." கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரலைத் தூக்கினாள். "இது மட்டும் கழுதை."

"அது ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

படம் வந்தபோது அந்த இடத்தில் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில்கூட ஒரு சத்தம் இல்லை. ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. வார்டில் பதிவைக் கேட்ட அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது, இறங்கவே இல்லை. அடுத்த தடைக்கு அக்குவேலே இல்லை. பூசாரிகள் விதைத்து, ஊர் வாயை மூடியபோது சோவாவின் அறையில் முக்காலி சும்மா கிடந்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, காய்ச்சலுக்கு முன்னால், அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையணையில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மறுபடி மூடினாள்.

"செருப்பக் கழட்டு" என்றாள்.

"இங்கயா? நர்ஸு பாத்தா என்னையும் சேத்துப் படுக்க வச்சுடுவா."

"கழட்டு சோவா. அந்தக் கதவு வரைக்கும் நட. நான் கேக்கறேன்."